பதிவேட்டில் ஒரு மதம், வீட்டில் ஒரு ஜெபம்: வேலூர் முதல் நாகசாகி வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

போன ரெண்டு எபிசோடும் ஜப்பான் வேலை, ஜப்பான் மொழி, விசா என்று போச்சு. அதுக்கு வந்த மெயில்களில் ஒரே கேள்வி வேற வேற மாதிரி வந்திருந்தது. "அங்க சர்ச் இருக்கா? கிறிஸ்தவங்க இருக்காங்களா? அவங்க எல்லாரும் புத்த மதம்தானே?" கேட்டவங்க பாதிப் பேர் நம்ம பக்கம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை.

சின்னக் கேள்விதான். பதில் தேடப் போனா அது நம்ம ஊர் டேனரி வாசல் வரைக்கும் வந்து நிக்குது. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் அதுதான். ஜப்பானில் கிறிஸ்தவம், வேலூரில் கிறிஸ்தவம், நடுவுல தோல். இந்த மூணையும் கட்டி வைக்கிற ஒரு சாமான் இருக்கு: பதிவேடு. நான் பொழப்புக்கு டேட்டாபேஸ் வேலை பாக்கிறவன், அதனால என் கண்ணு அங்கதான் போகும். பொறுத்துக்கோங்க.

ஒரு சதவீதம்

முதல்ல நேர் பதில். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம். அவ்வளவுதான். ஆனா இந்த ஒரு சதவீதம் கண்ணுல படுற இடங்களைப் பாருங்க. தோஷிஷா, சோஃபியா, ரிக்யோ, மெய்ஜி காகுயின் எல்லாம் பேர் வாங்கின பல்கலைக்கழகங்கள். எல்லாமே கிறிஸ்தவர்கள் ஆரம்பிச்சது. டோக்கியோவில் செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரி. பிரதமர்களில் ஒஹிரா மசயோஷி, ஆஸோ தாரோ, 2024-ல் பதவிக்கு வந்த இஷிபா ஷிகெரு, மூணு பேருமே கிறிஸ்தவர்கள்.

இன்னொரு பக்கம், கிறிஸ்தவத்துக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஜோடி வெள்ளை கவுன் போட்டு சேப்பல் மாதிரி கட்டின மண்டபத்துல கல்யாணம் பண்ணிக்கும். கிறிஸ்துமஸுக்கு கேஎஃப்சி பக்கெட் வாங்கும். பிறந்தா ஷிண்டோ, கல்யாணத்துக்குக் கிறிஸ்தவம், செத்தா புத்த மதம் என்று அவங்களே கிண்டலா சொல்லிக்கிறது உண்டு.

நமக்கு இது ரொம்பப் புதுசு இல்லை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எல்லா மதத்து ஆளும் போறோம், கன்கார்டியாவிலோ ஊரீஸ் காலேஜிலோ எல்லாப் பிள்ளையும் படிக்குது. நிறுவனம் பெருசு, சபை சின்னது. ஏன் அப்படி ஆச்சு? அதுக்கு நாலரை நூற்றாண்டு பின்னால போகணும்.

மணப்பாட்டிலிருந்து ககோஷிமா

பிரான்சிஸ் சேவியர் பேரு உங்களுக்குத் தெரியும். 1542-ல் கோவாவுக்கு வந்து, அந்த வருஷக் கடைசியில நம்ம தூத்துக்குடிக் கரைக்குப் போறார். முத்துக்குளிக்கிற பரதவர் ஊர்களில் வேலை. மணப்பாட்டில் அவர் தங்கின குகைன்னு இன்னைக்கும் காட்டுவாங்க. ஜெபங்களை ஆள் வச்சுத் தமிழாக்கி, மனப்பாடம் பண்ணிச் சொல்லிக்கொடுத்தார்.

1547 டிசம்பரில் மலாக்காவில் அஞ்சிரோன்னு ஒரு ஜப்பான்காரரைச் சந்திக்கிறார். ஊரில் ஒரு கொலை விவகாரத்தில் தப்பிச்சு வந்த ஆள். அஞ்சிரோ கோவாவுக்கு வந்து, படிச்சு, 1548-ல் ஞானஸ்நானம் வாங்குறார். ஆக, பேர் தெரிஞ்ச முதல் ஜப்பானியக் கிறிஸ்தவர்களில் ஒருத்தர் கிறிஸ்தவரானது இந்திய மண்ணுல.

1549 ஆகஸ்ட் 15, ரெண்டு பேரும் ககோஷிமாவில் இறங்குறாங்க. அங்க நடந்ததுதான் வேடிக்கை. ஜப்பான்காரங்களுக்கு இந்தியான்னா தென்ஜிகு, புத்தர் பிறந்த நாடு. அங்கிருந்து யாரோ வந்திருக்காங்கன்னா, அது ஏதோ புது புத்தப் பிரிவுன்னு நினைச்சாங்க. கடவுளுக்கு என்ன வார்த்தைன்னு தேடினப்போ அஞ்சிரோ சொன்னது தைனிச்சி, அது ஒரு புத்தரோட பேர். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் விஷயம் புரிஞ்சு, சேவியர் அந்த வார்த்தையை விட்டுட்டு தேயுஸ் என்கிற லத்தீன் வார்த்தைக்கே போனார்.

அடுத்த அறுபது எழுபது வருஷத்துல கிறிஸ்தவர்கள் சுமார் 3 லட்சம் ஆயிட்டாங்க. குறுநில மன்னர்களே சேர்ந்தாங்க. போர்ச்சுகீசிய வியாபாரம், துப்பாக்கி, அரசியல் எல்லாம் கலந்ததால ஆட்சியில இருந்தவங்களுக்குப் பயம் வந்துச்சு. 1587-ல் ஹிதேயோஷி பாதிரிமார்களை வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டார். 1597 பிப்ரவரி 5, நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைஞ்சாங்க. அந்த 26 பேரில் ஒருத்தர் நம்ம நாட்டுக்காரர்: மும்பை பக்கத்து வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1862-ல் புனிதர் பட்டம் கிடைச்சது. இந்தியாவில் பிறந்த முதல் கத்தோலிக்கப் புனிதர் செத்தது நாகசாகியில்.

கோயில் சீட்டு

1614-ல் தோகுகவா அரசு நாடு முழுக்கத் தடை போட்டுச்சு. 1637-ல் ஷிமபராவில் வரிக்கொடுமையும் மதக்கொடுமையும் சேர்ந்து விவசாயிகள் கிளர்ச்சி பண்ணாங்க. அடுத்த வருஷம் கோட்டையில் இருந்தவங்களைக் கூண்டோடு அழிச்சாங்க. மார்ட்டின் ஸ்கார்சேஸியோட சைலன்ஸ் படம் பார்த்திருப்பீங்க, எந்தோ ஷூசாகு 1966-ல் எழுதின நாவல். அந்தக் காலம்தான் அது. இயேசு படத்தையோ மரியாள் படத்தையோ கீழ போட்டு மிதிக்கச் சொல்ற ஃபூமி-ஏ, படத்துல வர்றது.

நான் சொல்ல வந்தது மிதிக்கிறதைப் பத்தி இல்லை. அதைவிட அமைதியா வேலை செஞ்ச ஒரு விஷயம் இருக்கு. தெராஉகே. தமிழ்ல கோயில் சீட்டுன்னு வச்சுக்கலாம். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு புத்தக் கோயிலில் பதிவாகணும். "இந்த வீட்டில் கிறிஸ்தவர் இல்லை, எங்க கோயிலைச் சேர்ந்தவங்க" என்று அந்தக் கோயில் சான்று கொடுக்கும். பிறப்பு, கல்யாணம், வேலைக்கு வெளியூர் போறது, சாவு, எல்லாத்துக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம். மதத்தைச் சோதிக்க ஆரம்பிச்ச பதிவேடு, கொஞ்ச நாளில் மக்கள்தொகைப் பதிவேடாவே மாறிடுச்சு.

டேட்டாபேஸ் பாஷையில் சொன்னா, மதம் என்கிற கட்டத்தைக் காலியா விட முடியாது. அந்தக் கட்டத்துல ஒரே ஒரு பதில்தான் செல்லும்.

அப்போ கிறிஸ்தவங்க என்ன பண்ணாங்க? கட்டத்துல புத்தம்னு எழுதிக்கிட்டாங்க. வீட்டுல ஜெபம் பண்ணாங்க. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, சுமார் 250 வருஷம். குருமார் ஒருத்தர்கூட கிடையாது. நாகசாகி பக்கத்து உராகாமி கிராமத்தில் தங்களுக்குள்ளேயே பொறுப்பு பிரிச்சுக்கிட்டாங்க. திருநாள் எப்ப வருதுன்னு காலண்டர் பாக்க ஒருத்தர், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒருத்தர், வீடு வீடா செய்தி சொல்ல ஒருத்தர். குழந்தை ஏந்தின கன்னோன் சிலையை மரியாளா நினைச்சு வணங்கினாங்க. லத்தீன், போர்ச்சுகீசிய ஜெபங்கள் வாய்மொழியாவே வந்து, ஒராஷோன்னு ஒரு ஓதுதலா ஆச்சு. ஒரு கட்டத்துக்கு மேல சொல்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்றவங்களுக்கே தெரியாது. ஆனா விடலை.

1865 மார்ச் 17. நாகசாகியில் வெளிநாட்டுக்காரங்களுக்காகக் கட்டின ஓஉரா தேவாலயம். உராகாமியிலிருந்து சில பேர் வந்து பெத்திஜான் என்கிற பிரெஞ்சுப் பாதிரியார் பக்கத்துல மெதுவா நிக்கிறாங்க. ஒரு அம்மா அவர்கிட்ட, எங்க மனசும் உங்க மனசும் ஒண்ணுதான்னு சொல்லிட்டு, சாந்தா மரியா சிலை எங்கேன்னு கேக்குறாங்க. ஏழு தலைமுறை கழிச்சு.

முடிவு சந்தோஷமா இல்லை. தடை இன்னும் அமல்லதான் இருந்துச்சு. 1867-ல் உராகாமியில் கைது ஆரம்பிச்சது. அடுத்த வருஷம் வந்த புது மெய்ஜி அரசும் விடலை. சுமார் 3,400 பேரை ஊரைவிட்டே பிரிச்சு அனுப்பினாங்க, 600-க்கு மேல செத்தாங்க. மேற்கு நாடுகள் முகம் சுளிச்ச பிறகுதான் 1873 பிப்ரவரியில் தடைப் பலகைகளை இறக்கினாங்க. திரும்பி வந்தவங்க, முன்னாடி தங்களைப் படம் மிதிக்க வச்ச ஊர்த் தலைவர் வீட்டு நிலத்தையே வாங்கி, அங்க தேவாலயம் கட்டினாங்க. 1945 ஆகஸ்ட் 9-ல் அணுகுண்டு வெடிச்சது அதிலிருந்து சுமார் அரை கிலோமீட்டரில். பங்கு மக்கள் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் செத்தாங்க.

தடை நீங்கின பிறகும் சில குடும்பங்கள் கத்தோலிக்க சபைக்குத் திரும்பவே இல்லை. எங்க தாத்தா பாட்டி செஞ்ச மாதிரியே செய்யறோம்னு இருந்துட்டாங்க. இகித்சுகி தீவில் அந்த ஒராஷோவைக் காப்பாத்தி வந்தது அவங்கதான். மறைச்சு வச்ச நம்பிக்கை அப்படியே உறைஞ்சு நிக்காது, மறைப்புக்குள்ளேயே வளந்து வேறொண்ணா ஆயிடும். இதை மனசுல வச்சுக்கோங்க.

ஒரே சபை, ரெண்டு ஊர்

இப்ப வேலூருக்கு வருவோம்.

ஐடா ஸ்கட்டர் பேரு சிஎம்சி ரோட்டுல நடந்த எல்லாருக்கும் தெரியும். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவங்க. 1900-ல் ஒரே ஒரு கட்டிலோட அவங்க ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு சிஎம்சி. அவங்களுக்குப் பெரியப்பா ஒருத்தர், ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர். 1822-ல் யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் பிறந்தவர். தமிழ் கேட்டு வளந்த ஆள், தமிழ்லயே புத்தகம் எழுதினவர். தம்பிகள் ரெண்டு பேரோட சேர்ந்து 1853-ல் ஆற்காடு மிஷனை அமைச்சார். நம்ம மாவட்டங்களில் இருக்கிற பழைய சிஎஸ்ஐ சபைகளில் நிறைய அந்த மிஷன் வேரிலிருந்து வந்ததுதான். ஊரீஸ் காலேஜும் அதே வேர்.

அந்த மிஷனை அனுப்பினது அமெரிக்காவில் இருந்த டச்சு சீர்திருத்த சபை. அதே சபை 1859-ல் ஜப்பானுக்கும் ஆள் அனுப்புது. தடை இன்னும் இருக்கும்போதே. நாகசாகிக்குப் போனவர் கைடோ வெர்பெக், படிப்பால இன்ஜினியர், நம்ம ஜாதி. வெளிப்படையா பிரசங்கம் பண்ண முடியாது. அதனால ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பாடப் புத்தகம் ரெண்டு: புதிய ஏற்பாடு, அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம். அவர்கிட்ட படிச்சவங்களில் ஒருத்தர் ஒகுமா ஷிகெநோபு, பின்னாடி பிரதமர், வசேதா பல்கலைக்கழகத்தை ஆரம்பிச்சவர். யோகோஹாமாவில் அதே சபையின் மேரி கிடர் 1870-ல் பெண்களுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கினாங்க, அது இன்னைக்கு ஃபெரிஸ் பல்கலைக்கழகம்.

ஜே.எல்.பி.டி. படிக்கிறவங்களுக்கு ஒரு துணுக்கு: நீங்க ஜப்பானிய வார்த்தையை ஆங்கில எழுத்துல எழுதுற முறைக்கு ஹெப்பர்ன்னு பேர். அந்த ஹெப்பர்ன், அதே 1859-ல் ஜப்பானுக்கு வந்த மிஷன் டாக்டர். சபை மட்டும் வேற, பிரஸ்பிட்டேரியன்.

கடைசியா என்ன ஆச்சு தெரியுமா? நம்ம ஆற்காடு மிஷனை ஆரம்பிச்ச அதே ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர், அமெரிக்காவில் பல வருஷம் போதகரா இருந்துட்டு, அறுபத்தஞ்சு வயசுல, 1887-ல் ஜப்பானுக்கு மிஷனரியாப் போறார். அவர் மகன் டோரமஸ் அங்க நீகாதாவில் டாக்டர். யாழ்ப்பாணத்துல பிறந்து, ஆற்காட்டுல வேலை பார்த்து, நீகாதா பனியில் போய் நின்ன மனுஷன்.

ஒரே சபை, கிட்டத்தட்ட ஒரே காலம். ஆனா சபைக்கு வந்தவங்க யாருன்னு பாருங்க. நம்ம பக்கம் வந்தது பெரும்பாலும் சேரி. பறையர் குடும்பங்கள் தனித்தனியா வரலை, சொந்தபந்தத்தோட, சில இடத்துல தெருவே சேர்ந்து வந்துச்சு. பஞ்சம், நிலமில்லாமை, ஊருக்குள்ள நடக்க முடியாத அவமானம், பிள்ளைக்குப் படிப்பு, அதோட நம்பிக்கையும்.

ஜப்பானில் வந்தது சாமுராய் வீட்டுப் பையன்கள். அதிலும் தோத்துப்போன தோகுகவா பக்கத்து ஆட்கள் நிறைய. மெய்ஜி மாற்றத்தில் பதவி போச்சு, 1876-ல் பரம்பரைப் படியும் போச்சு. இனிமேல் யாருக்கு விசுவாசமா இருக்கிறதுன்னு தெரியாம நின்ன இளைஞர்கள், புதுப் படிப்போட புது எஜமானையும் கண்டுக்கிட்டாங்க. உச்சிமுரா கான்ஸோ அப்படி ஒருத்தர். அவருக்கு ரெண்டு காதல்: இயேசு, ஜப்பான். 1891-ல் பேரரசர் கையொப்பமிட்ட கல்வி ஆணைக்கு முன்னாடி போதுமான அளவு குனியலைன்னு சொல்லி வாத்தியார் வேலையே போச்சு. தேசத்துரோகின்னாங்க. அவர் கடைசியில மிஷனரி சபையும் வேணாம், கட்டடமும் வேணாம்னு சபையில்லாக் கிறிஸ்தவம் ஒண்ணை ஆரம்பிச்சார்.

ஒரு சதவீதத்தோட காரணம் இங்கதான் இருக்கு. 250 வருஷத் தடை அந்த மதத்தைப் பொதுமக்கள் மனசுல "தீய மதம்"னு பதிய வச்சுடுச்சு. புது அரசு நாட்டைப் பேரரசரைச் சுத்திக் கட்டினதால கிறிஸ்தவம் அந்நிய விசுவாசமாத் தெரிஞ்சுது. குடும்பக் கல்லறை கோயில்ல இருக்கு, அதை விட்டுட்டு யார் வருவா? வந்தவங்க படிச்ச தனி ஆட்கள், தெருவா வரலை. அதனால காலேஜ் நின்னுச்சு, ஆஸ்பத்திரி நின்னுச்சு, சபை பெருகலை.

தோல்

அப்போ ஜப்பானில் சேரி இல்லையா? இருந்துச்சு. நம்ம பெல்ட்டுக்காரங்க காதைத் தீட்டிக்கவேண்டிய இடம் இது.

செத்த மாட்டை எடுக்கிறது, தோல் உரிக்கிறது, பதப்படுத்துறது, முரசுக்கும் போர்க்கவசத்துக்கும் தோல் கொடுக்கிறது. இதைப் பரம்பரையா செஞ்ச மக்களை அந்தக் காலத்தில் காவாத்தா என்றும், இன்னும் கேவலமான பேர் சொல்லியும் கூப்பிட்டாங்க. இன்னைக்குச் சொல்றது புராக்குமின். நிறத்துலயோ மொழியிலயோ மத்த ஜப்பானியருக்கும் இவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. தொழில், ஊர், பதிவேடு, மூணு வச்சுத்தான் ஒதுக்கினாங்க. கோயில் பதிவேட்டிலும் தனி. செத்த பிறகும் விடலை. புத்த வழக்கப்படி இறந்தவருக்குக் கோயில் ஒரு புதுப் பேர் கொடுக்கும். இவங்களுக்கு மிருகத்தைக் குறிக்கிற எழுத்தைச் சேர்த்துப் பேர் வச்ச கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கு.

நாகசாகியில் இந்த ரெண்டு கதையும் ஒரே தெருவில் முட்டிக்குது. உராகாமி கிறிஸ்தவர்களுக்குப் பக்கத்துலயே காவாத்தா மக்களைக் குடியமர்த்தியிருந்தாங்க. 1867-ல் கிறிஸ்தவங்களைப் பிடிக்கப் போனப்போ, அரசு அந்த மக்களையே முன்னால அனுப்பிச்சு. ஒதுக்கப்பட்டவங்களை வச்சு ஒதுக்கப்பட்டவங்களைப் பிடிக்கிற வித்தை. 1945-ல் குண்டு ரெண்டு பேர் வீட்டையும் சேர்த்தேதான் எரிச்சது.

1871-ல் அரசு ஒரு ஆணை போட்டுச்சு: இனி எல்லாரும் சமம். அடுத்த வருஷம் எடுத்த குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் இவங்க பேர் பக்கத்துல "புதுக் குடிமகன்" மாதிரி குறிப்பு ஏறிடுச்சு. சமம்னு சொன்ன கையே குறிச்சும் வச்சது. அந்தப் பதிவேட்டைப் பொதுப் பார்வையிலிருந்து மூடினது 1968-ல்தான். 1975-ல் இன்னொண்ணு வெளிய வந்துச்சு: புராக்கு ஊர்ப் பேர்களைத் தொகுத்த புத்தகங்களைக் கம்பெனிகள் ரகசியமா வாங்கி, வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாத்துக்கிட்டிருந்தது. இப்போ அதே பட்டியல் இணையத்துக்கு வந்து, வழக்காகி, 2023-ல் டோக்கியோ உயர் நீதிமன்றம், பாகுபாடு காட்டப்படாமல் வாழ மனுஷனுக்கு உரிமை இருக்குன்னு சொல்லித் தடுத்தது. டேட்டா வேலையில் இருக்கிற நண்பர்களே, ஒரு பட்டியல் எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்னு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியலை.

இந்த மக்கள் எழுந்தது 1922 மார்ச் 3, கியோத்தோ. இயக்கத்தின் பேர் சூய்ஹேய்ஷா, சமன்செய்வோர் சங்கம்னு சொல்லலாம். பிரகடனத்தை எழுதினவர் சைக்கோ மான்கிச்சி, ஒரு புத்தக் கோயில் வீட்டுப் பிள்ளை. கொடியையும் அவர்தான் வரைஞ்சார். கறுப்புத் துணி. நடுவுல ரத்தச் சிவப்பில் ஒரு முள்முடி.

ஆமா, இயேசு தலையில் வச்ச அதே முள்முடி.

அவர் கிறிஸ்தவர் இல்லை. இயக்கமும் கிறிஸ்தவ இயக்கம் இல்லை. தங்களைத் தள்ளி வச்ச கோயில்களுக்கு இனிமேல் காணிக்கை தர மாட்டோம்னு சண்டை போட்டவங்கதான், ஆனா மதம் மாறலை. அவமானத்துக்காகத் தலையில் வச்ச முடியைக் கௌரவமா எடுத்துப் பிடிக்கிறதுக்கு ஒரு படம் வேணும். அது அவங்களுக்குச் சிலுவைக் கதையில் கிடைச்சது. புராக்கு விடுதலைக் கழகம் இன்னைக்கும் அந்த முள்முடிக் கொடியைத்தான் பிடிக்குது. ஜப்பானில் கிறிஸ்தவத்தின் இடம் என்னன்னு கேட்டா, ஒரு சதவீதத்தைச் சொல்றதைவிட நான் இந்தக் கொடியைத்தான் காட்டுவேன்.

ஷூ எக்ஸ்போர்ட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரு தகவல். ஜப்பான் ரொம்ப நாளா தோல் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வச்சிருந்தது. அமெரிக்கா புகார் பண்ணி, 1984-ல் காட் அமைப்பின் குழு ஜப்பானுக்கு எதிரா சொல்லிச்சு. அந்த விசாரணையில் ஜப்பான் முன்வச்ச வாதமே, இந்தத் தொழிலை நம்பியிருக்கிற ஒதுக்கப்பட்ட மக்களைக் காப்பாத்தணும் என்கிறதுதான். பழைய தீண்டாமை ஒரு சுங்க வரிப் பட்டியலுக்குள்ள போய் உக்காந்திருந்தது.

நம்ம பதிவேடு

நம்ம பெல்ட்டில் தோலோட கதை கொஞ்சம் வேற. பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் எங்கேயும் டேனரி முதலாளிகள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள். அவங்களுக்குத் தோல் வியாபாரம் தீட்டு இல்லை, கௌரவமான தொழில். ஆனா உள்ள சுண்ணாம்புத் தொட்டியில் நிக்கிறது யாருன்னு பாத்தா தலித் மக்கள், ஏழை முஸ்லிம்கள். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைஞ்சு 10 தொழிலாளிகள் செத்தாங்க. பாலாறு என்ன ஆச்சுன்னு 1996-லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியாச்சு. அது தனி எபிசோடு.

இன்னைக்கு விஷயம் அந்தத் தொழிலாளியோட சாதிச் சான்றிதழ். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்கிற தகுதி இந்துக்களுக்கு. 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தாங்க, 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தாங்க. கிறிஸ்தவர், முஸ்லிம் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவங்க பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவாங்க. ஒதுக்கீட்டு இடம் மட்டும் இல்லை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போயிடும். அதே சேரி, அதே தெரு, அதே வசவு. ஞாயித்துக்கிழமை எங்க போறோம் என்கிறதை வச்சு சட்டம் ஆளை மாத்திடுது.

அதனால நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் சத்தமா சொல்றதில்லை. சான்றிதழில் ஒரு பேர், சபையில் ஒரு பேர். ஞானஸ்நானச் சீட்டு பீரோ அடியில். நான் யாரையும் காட்டிக்கொடுக்கிறதுக்காக இதைச் சொல்லலை. உராகாமி கதையைக் கேட்டுட்டு, கோயில் சீட்டில் புத்தம்னு எழுதின அந்த மக்களைப் பொய்யர்கள்னு நீங்க நினைச்சீங்களா? நினைச்சிருக்க மாட்டீங்க. அந்தப் பெருந்தன்மையை நம்ம ஊர்ப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கன்னுதான் கேக்குறேன்.

ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன். அங்க பிடிபட்டா உயிர் போகும். இங்க யாரும் சர்ச்சுக்குப் போறதைச் சட்டம் தடுக்கலை. போனா என்ன கிடைக்காதுன்னு மட்டும் சொல்லுது. இன்னொரு பக்கத்து நியாயமும் இருக்கு. கிறிஸ்தவத்தில் சாதி இல்லைன்னு சொல்லித்தானே வந்தீங்க, இப்ப சாதிச் சலுகை எதுக்குன்னு கேக்குறாங்க. இருக்கிற கொஞ்ச இடத்தைப் பங்கு போட்டா எங்களுக்கு என்ன மிஞ்சும்னு இந்து தலித் இளைஞர்கள் கேக்குறதும் வெறும் பொறாமை இல்லை, பயம். பேசித்தான் ஆகணும். 2022-ல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறிஸ்தவர்களையும் சேர்க்கணும்னு தீர்மானம் போட்டது.

ஆனா முதல் கேள்விக்குப் பதில் நம்ம சபைகளே கொடுத்திருக்கு. தமிழ்நாட்டில் சாதிக்கொரு கல்லறை வச்சிருக்கிற பங்குகள் இல்லையா? சாதி பாத்துப் பெண் எடுக்காத சபைக் குடும்பம் எத்தனை? ஞானஸ்நானத் தண்ணி சாதியைக் கழுவலைன்னு சபைக்கே தெரியும். சட்டம் மட்டும் கழுவிடுச்சுன்னு நம்புது.

என் கணக்குக்கு, அந்தக் கட்டம் தப்பான கேள்வியைக் கேக்குது. இவரை ஊர் எப்படி நடத்துதுன்னு தெரிஞ்சுக்க வேண்டிய இடத்தில், இவர் யாரைக் கும்பிடுறார்னு கேக்குது. தோகுகவா அரசும் அதைத்தான் கேட்டுச்சு. கிடைச்ச பதில் 250 வருஷம் தப்பா இருந்துச்சு. மக்கள் பொய்யர்கள் என்பதால இல்லை, கேள்வி அப்படி. தப்பான கேள்வியை வச்சிருக்கிற பதிவேட்டில் சரியான தகவல் சேராது. இது எங்க தொழிலில் முதல் பாடம்.

இதுக்கு என்ன விலைன்னும் யோசிங்க. மறைச்சு வச்சா நம்பிக்கை உறைஞ்சு நிக்காது, வேறொண்ணா ஆகும்னு சொன்னேன் இல்லையா. நம்ம பக்கத்திலும் அப்படி ஆகுது. நாலு தலைமுறைக்கு முன்னாடி எந்த வருஷம், யார் கையால, எதுக்காகச் சபைக்கு வந்தோம் என்கிற கதை வீட்டிலேயே பேசப்படாம மறைஞ்சுபோகுது. சேரியிலிருந்து வந்தோம், தோல் வேலை பார்த்தோம் என்கிற வார்த்தை ரெண்டும் சேர்ந்து மறையுது. கியோத்தோவில் அந்த மக்கள் செஞ்சது நேர் எதிர். மறைக்கச் சொன்னதையே கொடியில் வரைஞ்சாங்க.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை உக்காந்து கேளுங்க. உங்களோட வச்சுக்கங்க, எனக்கு அனுப்பணும்னு இல்லை. அனுப்ப நினைச்சா பேர் போடாம அனுப்புங்க, அதுவே எனக்குப் போதும்.

அடுத்த எபிசோடில் ஹிமேஜி. ஜப்பானில் நம்ம ஆம்பூர் மாதிரி தோலுக்குப் பேர் போன பக்கம். அவங்க வெள்ளைத் தோலும் நம்ம ஆவாரம்பட்டைப் பதனிடலும், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பேசுவோம். அதுவரைக்கும் வணக்கம்.